கடைமடைக்கும் உரிமை உண்டு

வாய்க்கால் ஒன்று, அதை நம்பிய வயல்களோ பல. தலைமடையில் இருப்பவர் மடையைத் திறந்து தம் வயலையே நிரப்பிக்கொண்டிருந்தால், கடைமடையில் இருப்பவருக்கு வெடித்த மண்தான் மிஞ்சும். பெருமழைக் காலத்திலோ மேலே உள்ள வயல்களின் வெள்ளமெல்லாம் வடிந்து கடைமடை வயலில்தான் வந்து தேங்கும். வறட்சியிலும் அவருக்கே முதல் அடி. வெள்ளத்திலும் அவருக்கே முதல் அடி. காவிரியின் கடைசி வயல்களை ஒட்டி வாழும் முத்துப்பேட்டை மக்களாகிய நமக்கு இதை யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு நம் முன்னோர் கண்ட வழி முறைப்பாசனம். இன்ன நாள் மேலை வயலுக்கு, இன்ன நாள் கீழை வயலுக்கு என்று எல்லோரும் கூடி உட்கார்ந்து முறை வைத்துக்கொள்வார்கள். இம்முறை நிலைக்க இரண்டு தேவை. ஒன்று, எல்லோரும் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம். மற்றொன்று, முறை தவறினால் கடைமடைக்காரர் சென்று நியாயம் கேட்பதற்கு ஓர் இடம். முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லையென்றால் ஒப்பந்தம் வெறும் பேச்சாகிவிடும்.

இன்று உலக நாடுகள் பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கூடிப் பேசுகின்றன. நல்ல சுற்றுப்புறச் சூழல் மனிதரின் உரிமை என்றும் அறிவிக்கின்றன. இவை எங்கோ தொலைவில் நடப்பவை என்று நாங்களும் முதலில் எண்ணினோம். சமூக அறிவியல் பாடத்துக்காகத் தேடிப் படித்தபோதுதான், அந்தப் பேச்சுகளுக்கும் நம் ஊர் அலையாத்திக் காட்டுக்கும் நேரான தொடர்பு உண்டு என்று அறிந்தோம். அதை எங்கள் தோழியருக்கும், சகோதரிகளுக்கும், பெற்றோர்களுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகத்துக்கும் கடைமடை உண்டு

பூமியைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலமும் ஒரு பொது வாய்க்காலைப் போன்றதே. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்கும்போது எழும் கரியமில வாயு எந்த நாட்டுப் புகைபோக்கியிலிருந்து வந்தாலும் உலகெங்கும் பரவிவிடுகிறது. அது போர்வையைப் போல வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் கடல்நீர் சூடேறி விரிகிறது. பனிமலைகள் உருகிக் கடலில் கலக்கின்றன. 1901ஆம் ஆண்டிலிருந்து 2018ஆம் ஆண்டுக்குள் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

20 சென்டிமீட்டர் என்பது ஒரு சாண் அளவுதானே என்று தோன்றலாம். மலைநாட்டில் இருப்பவர்களுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கடலும் வயலும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடக்கும் இந்தக் கடைமடையில், ஒரு சாண் உப்புநீர் ஒரு போக நெல்லை அழித்துவிடும் அல்லவா?

இந்தப் புகையை அதிகம் எழுப்பியவர்கள் யார்? நெடுங்காலமாகத் தொழிற்சாலைகளை நடத்திச் செல்வம் சேர்த்த நாடுகளே. தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், இந்தியர் ஒருவர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. நம் ஊரில் வலை வீசுபவரும் நாற்று நடுபவரும் வெளியிடுவது அதிலும் குறைவாகவே இருக்கும். ஆயினும் துன்பம் முதலில் வந்து சேர்வது இவர்கள் வாசலுக்குத்தான். உலகத்துக்கும் தலைமடை, கடைமடை உண்டு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நம் ஊரின் காடு

கோரையாறு, பாமணியாறு முதலிய காவிரியின் கிளைகள் கடலைச் சேரும் இடத்தில் இருப்பது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. காயலும் சேறும் மரங்களுமாக ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்து, தமிழ்நாட்டின் அலையாத்திக் காடுகளுள் மிகப் பெரியதாக விளங்குகிறது. அலையின் வேகத்தை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் பெற்றது. சேற்றில் காற்று இல்லாததால் இம்மரங்கள் தம் மூச்சுவேர்களை ஈட்டிகளைப் போல மேலே நீட்டிச் சுவாசிக்கின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அந்த வேர்களுக்கிடையேதான் வளர்கின்றன. காற்றில் உள்ள கரியையும் இக்காடு தன் சேற்றில் நெடுங்காலம் பூட்டி வைக்கிறது. ஆகவே இது நமக்கு மதில், மீனவருக்குப் பண்டகசாலை, உலகத்துக்கோ ஒரு கரிப் பெட்டகம்.

ஆங்கிலேயர் காலத்தில் இக்காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். மரநிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிய சேறு அமுங்கித் தொட்டியைப் போலப் பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிவந்த கடல்நீர் வடிய வழியின்றி அங்கேயே தேங்கியது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே வந்தது. உப்பைத் தாங்கும் அலையாத்திக் கன்றுகூட அந்த உப்பில் முளைக்க முடியவில்லை. இவ்வாறு வெட்டிய இடங்கள் பல ஆண்டுகள் வெறும் களர் நிலமாகவே கிடந்தன.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நாங்கள் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. அலையாத்திக் காடும் இலையுதிர்ந்து, கிளை முறிந்து, பெரிதும் சிதைந்தது. ஒரு புயலை மட்டும் காட்டி, இது உலகம் வெப்பமானதால் வந்தது என்று சொல்லிவிடுவது முறையாகாது. ஆனால் கடல் சூடேறச் சூடேற, வரும் புயல்களில் கடுமையானவை மிகுதியாகும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். மதில் இடிந்துகிடக்கும்போது பகைவன் வலிமை பெறுகிறான் என்றால் ஊர் என்னாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாடுகள் கூடிய வரலாறு

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில், சதுப்பு நிலங்களைக் காப்பதென்று நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1982இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2002ஆம் ஆண்டில் கோடியக்கரைச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் முதன்முதலாக அப்பெருமையைப் பெற்றது அதுவே. 38,500 ஹெக்டேர் கொண்ட அந்த நிலப்பரப்புக்குள் நம் முத்துப்பேட்டைக் காடும் அடங்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபை சுற்றுப்புறச் சூழல் பற்றிய மாபெரும் மாநாட்டைக் கூட்டியது. நம் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அதில் உரையாற்றினார். மாண்போடு வாழத்தக்க சூழல் மனிதரின் அடிப்படை உரிமை என்னும் கருத்தை நாடுகள் அங்கே ஏற்றன. அம்மாநாடு தொடங்கிய ஜூன் 5ஆம் நாளையே நம் பள்ளிகளில் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

1988இல் பருவநிலை மாற்றம் பற்றி ஆராய்ந்து கூறும் விஞ்ஞானிகள் குழு அமைக்கப்பட்டது. 1992இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் நாடுகள் பருவநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொறுப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு அன்று என்பது அதன் உயிர்க் கொள்கை. தலைமடைக்காரருக்குப் பொறுப்பு அதிகம் என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தானே! 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில், வெப்ப உயர்வை 2 பாகைக்கும் நன்கு கீழே நிறுத்துவது, முடிந்தால் 1.5 பாகையோடு நிறுத்த முயல்வது என்று நாடுகள் உறுதி கூறின. 2022இல் எகிப்தில் கூடியபோது, பருவநிலைக் கேடுகளால் நொந்த ஏழை நாடுகளுக்கு உதவ ஒரு நிதி அமைக்க இசைந்தன.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் நகரில் செய்த உடன்படிக்கையால், அப்படலத்தை அரித்துவந்த வாயுக்களின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆகவே நாடுகள் கூடிச் செய்தால் பயனே இல்லை என்று சலித்துக்கொள்வது சரியன்று.

கனடா கொடுத்த கை

கூட்டுறவின் பயனை நம் கண்ணெதிரிலேயே காணலாம். இந்திய அரசும் கனடா அரசும் சேர்ந்து இந்தியா – கனடா சுற்றுச்சூழல் நிதியம் என்ற ஒன்றை நடத்தின. 1990களின் பிற்பகுதியில் அந்த நிதியத்தின் உதவியோடு, சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், தமிழக வனத்துறையும், நம் சுற்றுக் கிராம மக்களும் சேர்ந்து களராய்க் கிடந்த இடங்களில் மீண்டும் காடு வளர்க்கும் பணியில் இறங்கினார்கள்.

அவர்கள் செய்தது வெறும் மரக்கன்று நடும் விழா அன்று. நோய்க்குக் காரணம் தேங்கிய நீர் என்று கண்டதால், முதலில் கால்வாய் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய கால்வாய். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பல சிறு கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்ளைப் போல இருக்கும். இவ்வழியே ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் மண்ணின் உப்பு கழுவப்பட்டது. அதன்பின் நட்ட கன்றுகள் பிழைத்தன. காட்டினூடே கால்வாய் வெட்டி மீன் பிடிப்பது நம் பகுதி மீனவருக்குப் பழக்கமான தொழில். தண்ணீர் ஓடினால் காடு வாழும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. அந்த அறிவும், விஞ்ஞானிகளின் ஆராய்ச்சியும், கடல் கடந்து வந்த பொருளுதவியும் ஒன்று சேர்ந்தபோதே காரியம் கைகூடியது.

ஒப்பந்தம் உரிமையானது எப்படி?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவோர் அமைச்சர்களும் தூதர்களும். அது மீறப்பட்டால் ஒரு சாதாரண உழவரோ மீனவப் பெண்ணோ எங்கே போய் முறையிடுவது? இதற்கு விடை நம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது.

ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குப் பின், 1976இல் செய்யப்பட்ட 42ஆவது திருத்தத்தின் வாயிலாக, சூழலைக் காப்பது அரசின் கடமை என்று 48-அ பிரிவும், குடிமக்களின் கடமை என்று 51-அ பிரிவும் கூறலாயின. ஏற்கெனவே 21ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் உயிர் வாழும் உரிமையைத் தந்திருக்கிறது. மாசில்லாத நீரும் காற்றும் அந்த உரிமையில் அடங்கியவை என்று 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பாலாற்றைப் பாழ்படுத்திய தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் மற்றொரு சிறந்த தீர்ப்பு வந்தது. கேடு வருமுன் காக்க வேண்டும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் உலக மாநாடுகளின் கொள்கைகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு கூறியது.

அதே ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் வந்த தீர்ப்போ நம் கடற்கரையைப் பற்றியது. அக்காலத்தில் பழைய தஞ்சை மாவட்டக் கரையோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. கடல்நீரை நிலத்தில் தேக்கியதால் பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்பு ஊறியது. தீனியும் மருந்தும் கலந்த கழிவுநீர் வாய்க்கால்களில் கலந்தது. குடிநீருக்காகப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைதூரம் நடந்தார்கள். நிலமற்ற ஏழைகளுக்காகப் பாடுபட்ட சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் ஐயாவும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாள் அம்மையாரும் இதை எதிர்த்து மக்களைத் திரட்டினார்கள். ஐயா உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார்.

கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில், உயர்ந்த ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் புது முறை இறால் பண்ணைகள் கூடா. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றக் கூடாது. பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு காந்தியத் தொண்டர் கொடுத்த மனுவினால் உலக மாநாட்டுக் கொள்கை நம் வரப்புவரை வந்து சேர்ந்தது!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தீர்ப்பை மறுஆய்வு செய்யுமாறு மனுக்கள் போடப்பட்டன. அதை முழுவதும் நிறைவேற்ற இயலவில்லை. 2005இல் பாராளுமன்றம் கடலோர இறால் வளர்ப்பை முறைப்படுத்தத் தனிச் சட்டம் இயற்றி, உரிமம் பெற்ற பண்ணைகளுக்கு வழிவிட்டது. இறால் வளர்ப்பால் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளன. ஏற்றுமதியால் நாட்டுக்கு வருவாயும் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஒருவர் பிழைப்பு மற்றொருவர் குடிநீரைக் கெடுக்கலாகாது என்றே கூறுகிறோம். உரிமை என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அன்று என்பதையும் இந்த வழக்கு நமக்குக் கற்பிக்கிறது.

உலக மன்றத்தில் மாணவர் குரல்

2021ஆம் ஆண்டு அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைக் குழு, தூய நலமான சூழல் மனித உரிமை என்று தீர்மானித்தது. அன்று இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. 2022ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபையில் அதே பொருள் வந்தபோது 161 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் ஒதுங்கின. எதிர்த்தவை எவையும் இல்லை. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கானமயில் பறவையைப் பற்றிய ஒரு வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீமைகளிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

எங்களை மிகவும் வியக்க வைத்தது மற்றொரு செய்தி. பசிபிக் கடலில் வனுவாட்டு என்றொரு சிறு தீவு நாடு இருக்கிறது. கடல்மட்டம் உயர்வதாலும் புயல்களாலும் அல்லற்படும் நாடு அது. அங்கே 2019ஆம் ஆண்டில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவ மாணவியர், பருவநிலையைக் காக்க அரசுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை உண்டு என்று உலக நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று முயற்சி தொடங்கினர். வனுவாட்டு அரசு அவர்கள் குரலை ஐ.நா. சபைக்குக் கொண்டு சென்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பொதுச்சபை அக்கேள்வியை ஒருமனதாக உலக நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் நீதிபதிகள் அனைவரும் ஒரே கருத்தாக, பருவநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்று அறிவித்தார்கள். இது ஆலோசனைக் கருத்துத்தான். தண்டனை விதிக்கும் தீர்ப்பன்று. ஆயினும் கடைமடைத் தீவின் வகுப்பறையிலிருந்து எழுந்த கேள்விக்கு உலகமே விடை சொல்ல நேர்ந்ததன்றோ!

நம் கடமை

கூட்டுறவு நாடுகளுக்கிடையே மட்டும் இருந்தால் போதாது, மாநிலங்களுக்கிடையேயும் வேண்டும். காவிரித் தீர்ப்பில் பங்கிடப்பட்ட 740 டி.எம்.சி. தண்ணீரில் 10 டி.எம்.சி. சூழலைக் காப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆற்று நீர் வந்து கலக்காவிட்டால் காயலில் உப்பு ஏறும், காடு மெலியும். காட்டுக்கும் ஆற்றில் பங்கு உண்டு என்று சட்டமே ஏற்றிருக்கும்போது, கடலில் சேரும் தண்ணீர் முழுவதும் வீண் என்று நாம் சொல்லலாமா?

எங்கள் வகுப்பில் உழவர் வீட்டுப் பெண்களும், மீனவர் வீட்டுப் பெண்களும், கடல் கடந்து உழைப்பவர்களின் பெண்களும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். உழவருக்கு நன்னீர் வேண்டும்; மீனவருக்கு ஓதம் வேண்டும்; எல்லோருக்கும் காடு வேண்டும். இவற்றைக் காக்க நம்மால் ஆவன சில உண்டு. கோரையாற்றில் பிளாஸ்டிக் குப்பையை எறியாதிருப்போம். காட்டைப் பார்க்கப் படகில் செல்லும்போது கன்றுகளை ஒடிக்காதிருப்போம். பெற்றோர்களே! கிராம சபை கூடும் நாட்களில் வாய்க்காலைப் பற்றியும் கிணற்று நீரைப் பற்றியும் எழுந்து கேளுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு அலுவலகத்தில் தகவல் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சூழலுக்குக் கேடு நேர்ந்தால் முறையிட, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

நாடுகள் கூடி முறை வகுக்கட்டும். அது அவற்றின் கடமை. அந்த முறை நம் வாய்க்கால்வரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பதும், வராதபோது அச்சமின்றிக் கேட்பதும் நம் கடமை. கேட்பதற்கு முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே தோழியரே, படிப்போம். படித்ததை வீட்டில் சொல்வோம். நம் உரிமையையும் நம் காட்டையும் ஒருசேரக் காப்போமாக!

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு